பொதுவான கோணம்

ஜனவரி 20, சனி

தாமிரபரணி ஊருக்குள் வந்து, எங்கள் தெருவில் படகு விட்டு ஆட்களை ஏற்றிப் போன டிசம்பருக்கு அடுத்த மாதம் இது. கொரோனா இரண்டாம் தடவை வந்து என் மகன் ராயப்பனைக் கொண்டுபோன பிறகு மூன்றாவது வருஷம் நடக்கிறது. நான் சைக்கிள் ஸ்டாண்டு போட்டிருந்த தியேட்டரை இடித்துக் கல்யாண மண்டபம் ஆக்கினார்களே, அந்த மண்டபத்துப் பந்தி மேஜைகள் ரோட்டில் மிதந்ததும் இந்த மழையில்தான். வருஷத்துக்கு நம்பர் உண்டு. எனக்கு ஞாபகத்தில் இப்படித்தான் நிற்கும்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சொல்வது நான், எழுதுவது மருமகள். அவள் பத்தாம் வகுப்பு எழுதுகிறாள். மற்ற பாடமெல்லாம் போன வருஷமே தேறிவிட்டாள். கணக்கு மட்டும் இரண்டு தடவை போய்விட்டது. டியூஷன் எடுக்கிற இசக்கிராஜா சொன்னாராம்: "மூணு மணி நேரம் எழுதணும்க்கா. ஒங்க கை ரெண்டு பக்கத்துலயே படுத்துருது. தெனம் எதையாச்சும் எழுதிப் பழகுங்க." எதை எழுத என்று தெரியாமல் என்னிடம் வந்து உட்கார்ந்தாள்.

"என்னத்தயாச்சும் சொல்லுங்க மாமா. எழுதுதேன்."

நான் பேசுகிறபடி எழுதவில்லை. பாடப்புத்தகத் தமிழில் திருப்பிக்கொள்கிறாள், பரீட்சைக்கு உதவுமாம். வாசித்துக் காட்டினாள். என்னைப் பற்றி ரேடியோவில் யாரோ சொல்வதுபோல் இருந்தது.

முதலில் உன் பேரை எழுது என்றேன். "எம்பேரு எதுக்கு மாமா? மருமவளுன்னே போட்டுக்கிடுதேன்" என்றாள். அப்படியே போட்டிருக்கிறாள்.

ஜனவரி 23, செவ்வாய்

ரேஷனில் பாமாயில் இல்லை. முழங்காலில் நீர். வேறு ஒன்றுமில்லை.

பிப்ரவரி 3, சனி

ஏன் இந்த வயதில் கணக்கு என்று யாராவது கேட்டால் சொல்வதற்காக இதை எழுதச் சொல்கிறேன். ராயப்பன் ஒரு அரசாங்க ஆபீஸில் ஜீப் ஓட்டினான். வேலையில் இருக்கும்போதே போனதால் வீட்டில் ஒருவருக்கு வேலை தருவார்கள். பத்தாவது தேறியிருக்க வேண்டும். மூன்று வருஷத்துக்குள் மனுப் போட வேண்டும். அந்த மூன்று வருஷம் வருகிற ஜூனில் முடிகிறது. ஏப்ரல் பரீட்சை போனால் அடுத்தது ஜூலையில்தான். ஜூலையில் தேறி ஒரு பிரயோசனமும் இல்லை.

அதுவரை அவள் மீன் கம்பெனியில் இறால் உரிக்கிறாள். ஐஸில் கிடந்து விரல் நுனி வெளுத்துவிடுகிறது. கை படுத்துவிடுகிறது என்று அந்த சார் சொன்னது அதனால்தான். அவரிடம் அவள் அதைச் சொல்லவில்லை.

பிப்ரவரி 7, புதன்

எங்கள் படிப்பு இப்படி. அவள் சோறு பொங்கும்போது கைடைச் சுவரில் சாய்த்து வைத்து வாய்விட்டு வாசிப்பாள். நான் கட்டிலில் இருந்து கேட்பேன். மறுநாள் அவள் கறிக்கு நறுக்கும்போது நான் திருப்பிச் சொல்வேன். கேட்டது எனக்கு மறக்காது. அப்போது என் ஸ்டாண்டில் எட்டு முழ வேட்டி கட்டினவர் எந்த சைக்கிளை எங்கே விட்டார், எந்தப் படத்துக்கு விட்டார் என்று இன்றைக்கும் சொல்வேன். அர்த்தம் மட்டும் தெரியாது. அர்த்தத்தை அவள் பார்த்துக்கொள்வாள்.

எக்ஸ் என்றால் என்ன என்று கேட்டேன்.

"யாருன்னு தெரியாத நம்பரு மாமா. மத்ததையெல்லாம் வச்சுக் கண்டுபிடிக்கணும்."

ராத்திரி ஆட்டம் விட்டதும் ஆளில்லாமல் ஒரு சைக்கிள் நிற்கும். மற்றவர்கள் எல்லாம் எடுத்துப் போன பிறகு அது யாருடையது என்று தானாகத் தெரியும். அதுபோலவா என்றேன். அதுபோலத்தான் என்றாள். சிரித்தாள்.

பிப்ரவரி 11, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. அவள் போய் வந்தாள். பிறகு இருபடிச் சமன்பாட்டைத் திருப்பிச் சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

"எக்ஸ் ஸ்கொயரை இந்தப் பக்கம் வை. எண்ணை அந்தப் பக்கம் தள்ளு. எக்ஸோட கெழுவில் பாதியை எடு. அண்ணே சிலிண்டர உள்ளாற வைங்க, போன தடவ வாசர் கசிஞ்சுது. பாதியை வர்க்கப்படுத்து. இருபுறமும் கூட்டு."

கத்தியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். "சிலிண்டரயும் சேத்தா மாமா வர்க்கப்படுத்துனிய?"

எனக்குக் கோபம். அவள் வாசித்தபடிதான், நடுவில் காஸ்காரனிடம் பேசினதையும் சேர்த்துத்தான் சொன்னேன். எது கணக்கு, எது சிலிண்டர் என்று எனக்கு எப்படித் தெரியும்? குக்கர் அடித்த நாலு விசில் சத்தத்தைக்கூட அந்தந்த இடத்தில்தான் வைத்திருக்கிறேன். அதை நான் வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இசக்கிராஜாவிடம் இதைச் சொன்னாளாம். "தாத்தாவ ஒரு பத்து காப்பி எடுத்துத் தாங்கக்கா, டியூஷன்ல விக்கலாம்" என்றாராம். சின்ன வயசுக்காரர். டயர் கடை மாடியில் நடத்துகிறார்.

பிப்ரவரி 24, சனி

தேற்றம் தொடங்கினாள். தேல்ஸ் என்று ஒருவர் பேரில். சின்ன முக்கோணம், அதைச் சுற்றிப் பெரிய முக்கோணம். ஐந்து மார்க்குக்கு அடிக்கடி கேட்பார்களாம். கூற்று ஒரு பக்கம், காரணம் ஒரு பக்கம். இரண்டாவது வரி வாசித்துக்கொண்டிருந்தாள். வாசலில் சுடலைமணி வந்து நின்றான். ராயப்பன் ஆபீஸில் பியூன்.

ஜீப்பை ஏலத்தில் விட்டுவிட்டார்களாம். உள்ளே கிடந்ததைப் பையில் போட்டுக் கொண்டுவந்தான். சீட்டில் விரித்திருந்த துண்டு, கண்ணாடியில் தொங்கின செபமாலை, ஒரு சீப்பு, பாதி இருந்த தலைவலித் தைலம்.

"நான்தான் மதினி வண்டியக் கழுவ விட்டேன். கழுவுறதுக்கு முன்ன எடுத்துட்டேன்" என்றான். காப்பி குடித்தான். மகள் பெரியவளானதைச் சொன்னான். போனான்.

பிறகு அவள் வாசித்து முடித்தாள்.

பிப்ரவரி 25, ஞாயிறு

எழுதவில்லை என்றாள். இந்த ஒரு வரியை மட்டும் எழுதச் சொன்னேன்.

மார்ச் 6, புதன்

தண்ணீர்க் குழாயடியில் லூர்தம்மாள் என்னைப் பிடித்துக்கொண்டாள். எதிர்வீட்டுக்காரி. மருமகள் கம்பெனிக்குப் போன நேரம்.

"அண்ணாச்சி, ஒரு நல்லதுக்குத்தான் சொல்லுதேன். கவருமெண்டு வேலை கெடச்சா அவ எதுக்கு ஒம்ம கூட கெடந்து கஞ்சி ஊத்துவா? சின்ன வயசுதான. ஒம்ம கைநாட்டு இல்லாம வேலை குடுக்க மாட்டானாம். யோசிச்சு வையும்."

"என்னத்த யோசிக்க?"

"அதான், யோசியும்."

இதை மருமகளையே எழுதச் சொல்வது சங்கடம்தான். ஆனால் அன்றன்று நடந்ததைச் சொல்வதாகத்தானே ஏற்பாடு. எழுதினாள். லூர்தம்மாள் என்பதற்கு எந்த லூ என்று மட்டும் தன்னையே கேட்டுக்கொண்டாள்.

இன்று இரண்டு தோசை கூடுதலாகத் தின்றேன்.

மார்ச் 15, வெள்ளி

டியூஷனில் பரீட்சை வைத்தார்கள். தேல்ஸ் தேற்றம் கேட்டிருக்கிறார்கள். இவள் எழுதியிருக்கிறாள். பாதியில் நின்றுவிட்டாளாம். பேனா நின்ற இடத்தில் மை ஊறித் தாள் ஓட்டை விழுந்திருக்கிறது. பிறகு எழுத ஆரம்பித்தபோது நேரம் போய்விட்டது. கடைசியில் உள்ள வரைபடக் கணக்கைப் போடவில்லை. அதில் எட்டு மார்க்.

"பயமா இருக்கு மாமா" என்றாள். இதுவரை அந்தச் சொல்லைச் சொன்னதில்லை.

மார்ச் 17, ஞாயிறு

இசக்கிராஜா போனில் கூப்பிட்டார். அவள் என் பக்கம் நீட்டி, சத்தமாகக் கேட்கும்படி வைத்தாள்.

"தாத்தா, அக்கா வீட்ல மூணு தடவ எழுதிப் பாத்து அனுப்புனாங்க. மூணுலயும் ஒரே இடத்துல ஓட்டை. ரெண்டு கோணத்தக் காட்டிட்டு, மூணு கோணமும் சமம்னு விதியப் போட்டு முக்கோணம் ரெண்டும் ஒண்ணு போலன்னு தாவிருதாங்க. மூணாவது கோணம் எங்கன்னு திருத்துறவங்க கேப்பாங்கள்ல? நீங்கதான் சொல்லிக் குடுக்கிறதாம். மூணாவது வரி சொல்லுங்க, கேப்போம்."

நான் சொன்னேன். "ஏ-பி-சி கோணமும் ஏ-டி-ஈ கோணமும் சமம். காரணம், ஒத்த கோணங்கள். ஏ-சி-பி கோணமும் ஏ-ஈ-டி கோணமும் சமம். காரணம், ஒத்த கோணங்கள்." அங்கே நிறுத்தினேன். "எனவே இரண்டு முக்கோணமும் வடிவொத்தவை."

"நடுவுல நிறுத்துனீங்களே தாத்தா. அங்க என்ன?"

"அங்க ஒண்ணும் கிடையாது. அங்க சுடலைமணி வந்தான்."

"யாரு?"

மருமகள் போனைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். நான் சொன்னேன். "எம் மவன் ஆபீஸ் பியூனு. அவன் சாமானக் கொண்டு வந்தான். அவன் போன பொறவு இவ ஒரு வரி தள்ளி வாசிச்சிருக்கா போல. எனக்கு எப்படித் தெரியும் தம்பி? நான் கேட்டதத்தான் வச்சிருக்கேன்."

டயர் கடையில் காற்றடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னார்: "சரி தாத்தா. அவரு போகட்டும். அவரு போன பொறவு இந்த வரியச் சேத்துக்கோங்க. டி-ஏ-ஈ கோணமும் பி-ஏ-சி கோணமும் ஒன்றே. காரணம், இரண்டு முக்கோணத்துக்கும் பொதுவான கோணம்."

மார்ச் 18, திங்கள்

சேரவில்லை. எனக்கு ஒன்று ஒருமுறை பதிந்தால் பதிந்ததுதான். நடுவில் ஒன்றைச் சொருகுவது புது வேலை. சொல்லிக்கொண்டு வருவேன், அந்த இடத்தில் நிற்பேன். நான் நிற்பதைப் பார்த்து அவளும் நிற்கிறாள். அல்லது அவள் நிற்பாள் என்று நான் நிற்கிறேன்.

மார்ச் 20, புதன்

படத்தைக் காட்டு என்றேன். இத்தனை நாள் கேட்டுக்கொண்டே இருந்தேனே தவிர படத்தைப் பார்த்ததில்லை. கரித்துண்டால் தரையில் போட்டாள். பெரிய முக்கோணம். உள்ளே குறுக்கே ஒரு கோடு.

"கோட்டுக்கு மேல உள்ளது சின்ன முக்கோணம். முழுசா பாத்தா பெரிய முக்கோணம். உச்சி ஒண்ணுதான் மாமா, ரெண்டுக்கும்."

"அதுதான் மூணாவது வரியா?"

"ஆமா."

"அந்த உச்சிய அழிச்சிட்டா?"

அவள் கையால் அழித்தாள். சாய்ந்து இறங்குகிற கோடுகளையும் சேர்த்தே அழித்துவிட்டாள். கீழே இரண்டு கோடு மட்டும் மிச்சம். ஒன்று சின்னது, ஒன்று பெரியது.

"ரெண்டு கோடுதான் மாமா. இணையா. பக்கத்துல பக்கத்துல போவும். சேராது."

சற்று நேரம் இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். பிறகு அவளே மறுபடியும் உச்சியைப் போட்டாள். சோறு அடிப்பிடித்துவிட்டது. மிளகாயைக் கிள்ளிப் போட்டு அதையே தின்றோம்.

மார்ச் 24, ஞாயிறு

குருத்தோலைப் பவனி. என் ஓலையையும் அவளே பிடித்தாள். திரும்பி வரும்போது இரண்டு பேரும் சேர்ந்து தேற்றத்தைச் சொல்லிக்கொண்டு வந்தோம். ஜெபம் சொல்லுகிறோம் என்று நினைத்து எதிரே வந்த உபதேசியார் சிலுவை போட்டுக்கொண்டார்.

மூன்றாவது வரியை நான் சொல்லவில்லை. அவள் சொன்னாள். அது போதும் என்று விட்டுவிட்டேன்.

மார்ச் 31, ஞாயிறு

ஈஸ்டர். கோழி எடுத்தோம். ஜீப்பில் இருந்து வந்த செபமாலை இத்தனை நாளாகப் பையிலேயே கிடந்தது. இன்று அதை எடுத்து அவள் ராயப்பன் படத்துக்கு மாட்டவில்லை. பேனா, ஸ்கேல், காம்பஸ் வைத்திருக்கிற டப்பாவுக்குள் போட்டாள். நாளை பரீட்சை.

ஏப்ரல் 2, செவ்வாய்

நேற்றையதை இன்று எழுதுகிறாள்.

நானும் கூடப் போனேன். வரவேண்டாம் என்றாள். வந்தே தீருவேன் என்றேன். பள்ளிக்கூடத்து வாசலில் வாதாம் மரத்தடியில் தாய் தகப்பன்மார் கூட்டம். பேப்பர் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பொம்பளை எனக்கும் இடம் விட்டாள்.

"பேத்தி எழுதுதாளா தாத்தா?"

"மருமவ."

"மருமவளா! பத்தாப்பா?" என்று பக்கத்துப் பொம்பளையைப் பார்த்தாள். பிறகு, "எங்க வீட்டுக் கெழவனும் இருக்காரே, ஒரு தீப்பெட்டிய எடுத்துக் குடுக்க மாட்டாரு" என்றாள்.

மணி அடித்து எல்லாப் பிள்ளைகளும் வந்த பிறகு கடைசியில் வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சர்பத் வாங்கிக் கொடுத்தேன். பாதி குடித்த பிறகு சொன்னாள்.

"தேல்ஸ் வந்துச்சு மாமா."

"நின்னியா?"

"நின்னேன்."

"ரொம்ப நேரமா?"

"தெரியல. மேல ஃபேன் சுத்துனதப் பாத்துக்கிட்டு இருந்தேன். சூப்பர்வைசர் வந்து, ஒடம்பு சரியில்லையாம்மான்னு கேட்டாரு. ஆள் வந்திருக்காங்க சார், போனதும் எழுதுதேன்னுட்டேன். அவரு என்னைய ஒரு மாதிரி பாத்தாரு." சர்பத் டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பொறவு எழுதுனேன் மாமா. மூணாவது வரியும் எழுதுனேன்."

"வரைபடம்?"

"அச்சு போட்டேன். புள்ளி வச்சேன். கோடு இழுக்குறதுக்குள்ள பேப்பரப் புடுங்கிட்டாங்க."

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. தூங்கிவிட்டாள்.

ஏப்ரல் 19, வெள்ளி

ஓட்டுப் போட்டோம். விரலில் மை. அந்தக் கையோடு இறால் உரிக்கப் போனாள்.

ஏப்ரல் 27, சனி

ஆட்டோக்காரன் செல்வத்திடம் அவள் வாடகை வீடு விசாரித்துக்கொண்டிருந்தாள். திருச்செந்தூர்ப் பக்கம், கோவில்பட்டிப் பக்கம், எங்கே வேலை போட்டாலும் முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டுமாம். நான் உள்ளே படுத்திருந்தேன். தூங்குகிறேன் என்று நினைத்திருப்பாள்.

"மாடில நல்ல காத்தோட்டமா ஒண்ணு இருக்குக்கா. ஒத்த ஆளுக்கு அம்சமான ரூம்பு."

"மாடி வேண்டாம். கீழ் வீடு பாரு. கட்டில் ரெண்டு கெடக்கணும். கக்கூசுக்குப் படி இருக்கப்படாது."

இதை எழுதும்போது தலை நிமிரவில்லை. நான் தூங்கவில்லை என்பது இப்போது தெரிந்துவிட்டது. அதற்கென்ன.

மே 10, வெள்ளி

இசக்கிராஜா போன் செய்தார். அவள் கம்பெனியில் இருந்தாள். எதிர்வீட்டு லூர்தம்மாளின் போனுக்குத்தான் வந்தது. அவள் ரோட்டைக் கடந்து ஓடி வந்தாள், சேலை முந்தி காற்றில்.

"அண்ணாச்சி, முப்பத்தொம்போதாம்! முப்பத்தஞ்சு எடுத்தாப் போதுமாம்லா!"

கோடு இழுக்காத வரைபடத்துக்கும் அச்சுக்கு இவ்வளவு, புள்ளிக்கு இவ்வளவு என்று மார்க் போட்டிருப்பார்கள் என்று இசக்கிராஜா சொன்னாராம். முடிக்காவிட்டாலும் போட்ட படிக்கு மார்க் உண்டாம். நல்ல ஏற்பாடுதான்.

சாயந்திரம் அவள் வந்ததும் சொன்னேன். கையை மோந்து பார்த்தாள். "நாறுது மாமா, கழுவிட்டு வாரேன்" என்று பின்னால் போனாள். குழாய் வெகுநேரம் ஓடியது. லூர்தம்மாள் அரைக்கிலோ லட்டு வாங்கி வந்தாள். அதில் அவளே நாலு தின்றாள்.

மே 16, வியாழன்

மனுக் கொடுத்தாயிற்று. வெயில். சுடலைமணிதான் ஆபீஸில் கூடவே நின்று எல்லாம் காட்டினான். அவனுக்கு லட்டு கொண்டுபோயிருந்தாள். அவன் வந்த அன்றைக்கு நடந்தது அவனுக்குத் தெரியாது. தெரிய வேண்டியதில்லை.

ஜூன் 11, செவ்வாய்

மனுவுக்காகத் தாலுகா ஆபீஸிலிருந்து விசாரிக்க வந்தார்கள். ஆர்.ஐ. என்று ஒரு சின்னப் பெண், கூட ஒரு உதவியாள். நாற்காலியில் உட்காராமல் என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். கையில் கிடந்த காகிதத்தில் எல்லாம் எழுதித்தான் இருந்தது. இருந்தாலும் என் வாயால் கேட்க வேண்டுமாம்.

"ஐயா, இந்த வேலைய ஒங்க மருமகளுக்குக் குடுக்க ஒங்களுக்கு ஆட்சேபணை உண்டா?"

"இல்ல."

"யாராச்சும் சொல்லிக் குடுத்துச் சொல்லுதீங்களா?"

"எனக்கு யாரும்மா சொல்லிக் குடுக்கணும்? நாந்தான் அவளுக்குத் தேல்ஸ் சொல்லிக் குடுத்தேன்."

அந்தப் பெண் மருமகளைப் பார்த்தாள். அவள் தலையை ஆட்டினாள். பெருவிரலில் மை தடவி வைத்தேன். வாசலில் லூர்தம்மாள் நின்றுகொண்டிருந்தாள்.

"இறந்தவரோட குடும்பத்துல யார் யார் இருந்தாங்க, இப்ப யார் இருக்காங்க, வரிசையாச் சொல்லுங்க ஐயா."

சொன்னேன். இறந்தவனுடைய அக்கா ஞானப்பூ. தியேட்டரில் முதன்முதலாக ஏசி போட்டு, குளிர் தாங்காமல் பாதிப் படத்தில் ஜனம் எழுந்து வந்த வருஷம், மஞ்சள்காமாலையில் போனாள். பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப ஸ்லேட்டு வாங்கி வைத்திருந்தோம். இறந்தவனுடைய தாய் சபீனாள். கிறிஸ்மஸுக்கு மறுநாள் சுனாமி வந்து கடற்கரையெல்லாம் வெறிச்சென்று கிடந்தபோது, தவக்காலம் தொடங்குமுன் போனாள். கடலால் அல்ல, சர்க்கரையால். இறந்தவனுக்கு ஒரு பையன் பிறந்தான். துறைமுகத்து ரோட்டில் பெரிய பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள், ஆஸ்பத்திரிக்குச் சுற்றித்தான் போக வேண்டும். அங்கேயே ஞானஸ்நானம் கொடுத்தோம். சூசை என்று பேர். வீட்டுக்கு வரவில்லை. பிறகு இறந்தவன். ராயப்பன். அவன் போன வருஷத்துக்கு அடையாளம் எதுவும் தேவையில்லை, எல்லாருக்கும் தெரிந்த வருஷம்.

அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டிருந்தாள். "அப்போ இருக்கிறது?"

"நான் இருக்கேன். என்னைய விட்ருங்க, நான் ரேகை வச்சுட்டேன்."

"ஒங்களத் தவிர?"

பேரைச் சொன்னேன். எழுதிக்கொண்டு போனார்கள்.

இப்போது அதை இங்கே எழுதச் சொல்கிறேன். பேனா நிற்கிறது. "மருமவளுன்னு போட்டுக்கிடுதேன் மாமா" என்கிறாள். அது ஆகாது. ஒரு வரியை விட்டுத் தாவினால் என்னவாகும் என்று நமக்குத் தெரியும். நிற்கட்டும். எனக்கு அவசரமில்லை. மூக்கை உறிஞ்சிக்கொள்கிறாள், முந்தியால் துடைத்துக்கொள்கிறாள். எழுது பிள்ள என்றேன். எழுதுகிறாள்.

இருக்கிறது மதலேனாள்.